என் வகுப்பு அமைதியாக இருந்த ஏழு வாரம்

தோட்டப் பள்ளிக்கூடங்களுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் ஆறேழு பேர் சேர்ந்து, வகுப்பை அடக்குவது எப்படி என்று நாலு வார்த்தை சொல்லச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தீர்கள். நேரில் வந்து பேச என்னால் ஆகாது. பெரியவர்கள் நாலு பேர் கூடியிருந்தால் எனக்கு வாய் வராது. பிள்ளைகள் முன்னால் மட்டும் எப்படியோ பேசப் பழகினேன். அதனால் எழுதித் தருகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் எழுத்து. பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

வகுப்பை அடக்குவது எப்படி என்று எனக்குத் தெரியும். ஏழு வாரம் அடக்கி வைத்திருந்தேன். அந்த ஏழு வாரத்தில், எட்டு மாதக் கர்ப்பிணி ஒருத்தியையும் அவள் வயிற்றுப் பிள்ளையையும் கொன்றிருப்பேன். பிரம்பைக் கையால் தொடாமல், ஒரு பிள்ளையைக்கூட அதட்டாமல் அதைச் செய்திருப்பேன். பதுளை ஆஸ்பத்திரியில் என் நெஞ்சைப் பார்த்த டாக்டர், இனி மலைப் பனி ஆகாது என்று சொன்னதால் வேலையை விட்டேன். இப்போது கடைவீதியில் மைத்துனன் கடையில் துணி கிழித்துக் கொடுக்கிறேன். கையில் கஜக்கோலை வைத்துக்கொண்டு நிற்கும்போதுகூடச் சில நாள் அந்தக் காலைவேளை ஞாபகம் வந்து அளவு தப்பிவிடுகிறது.

நமுனுகுல மலையடியில் இருந்தது என் பள்ளிக்கூடம். ஆட்கள் குடியிருக்கும் லயத்தின் கடைசியில் இரண்டு காம்பரா அறைகளுக்கு நடுவில் இருந்த சுவரை இடித்து ஒன்றாக்கியிருந்தார்கள். நாற்பது பிள்ளைகள். எனக்கு முன்னால் இருந்தவர் நன்றாக அடிப்பாராம். நான் அடிப்பதில்லை என்று முதல் நாளே முடிவு செய்திருந்தேன். எனக்குப் பாடம் சொன்ன வாத்தியார் ஒரு நாள் என் இடது கையில் அடித்தது சுண்டு விரலில் பட்டு, அந்த விரல் இன்றைக்கும் முழுதாக மடங்காது. அடித்த காரணம் அவருக்கும் நினைவிருக்காது, எனக்கும் நினைவில்லை.

அடிக்காத வாத்தியார், அதிலும் கூச்சக்காரன். பிள்ளைகளுக்கு அது இரண்டே நாளில் தெரிந்துவிட்டது. குரங்கு மாதிரிக் கத்துவார்கள். தேயிலைக் கொட்டையை எறிவார்கள். ஒருவன் கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து, கேட்டால் அது முட்டையிடுகிற நேரம் என்றான். நான் என்னதான் கத்தினாலும் என் குரல் மூன்றாவது வரிசைக்கு மேல் போகாது. அப்படி ஒரு நாள் தோட்டத்தை நடத்தும் துரை குதிரையில் வந்து வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை. கணக்கப்பிள்ளையிடம் ஏதோ சொல்லிவிட்டுப் போய்விட்டார். இந்த மாசக் கடைசிக்குள் சத்தம் அடங்காவிட்டால் வேறு வாத்தியார் வருவார் என்று கணக்கப்பிள்ளை வந்து சொன்னார்.

வகுப்பிலேயே பெரிய பையன் ராசுவை அன்றைக்குச் சட்டாம்பிள்ளையாக வைத்தேன். அவனுடைய அப்பா கொழுந்து மலைக் கங்காணி. காலையில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக் களத்தில் ஆள் கூடியதும், எந்தப் பெண் எந்த நிரையில் நின்று கொழுந்து எடுக்க வேண்டும் என்று பிரித்துக் கொடுப்பவர் அவர்தான். அவர் மகன் என்றால் பிள்ளைகளுக்கு ஒரு மரியாதை இருக்கும் என்று நினைத்தேன். பேசுகிறவர்கள் பெயரைச் சிலேட்டில் எழுதி வை, போகும்போது நான் பார்க்கிறேன் என்று ராசுவிடம் சொன்னேன். பள்ளிக்கூடம் விடும்போது அந்தப் பெயர்களைப் படித்து, அந்தப் பிள்ளைகளை ஒருமுறை பார்த்துவிட்டு, ஈரத் துணியால் அழித்துவிடுவேன். தண்டனை ஒன்றும் கிடையாது. பெயர் எழுதப்பட்டதே வெட்கம், அது போதும் என்று எண்ணினேன்.

பத்து நாளில் வகுப்பு அடங்கிவிட்டது. என்னால் நம்ப முடியவில்லை. கூரைத் தகரத்தில் மழை விழாத நேரத்தில் பக்கத்து ஓடையின் சத்தம் உள்ளே கேட்கும். துரை மறுபடி வந்து தலையை ஆட்டிவிட்டுப் போனார். பசறைப் பக்கத்துத் தோட்டத்து வாத்தியார் ஒருவர் வேடிக்கை பார்க்க வந்து, பின்னால் உட்கார்ந்து ஒரு பாடம் முழுக்கக் கேட்டு, இந்த வித்தையை எனக்கும் சொல்லுங்கள் என்றார். சொல்லிக் கொடுத்தேன். பெயரை எழுதினால் போதும், பிள்ளைகள் மானம் உள்ளவர்கள் என்று பெருமையாகச் சொன்னேன். அந்தப் பெருமையை எழுதும்போது எனக்கு இப்போதும் முகம் சுடுகிறது.

ஏழாவது வாரம், ஒரு சாரல் நாள். வாசிப்புப் பாடம். செல்லாயி என்று எட்டு வயதுப் பெண் பிள்ளையை எழுந்து படிக்கச் சொன்னேன். வகுப்பிலேயே வாயாடி அவள்தான், வாசிப்பதிலும் அவள்தான் முதல். எழுந்தவள் எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி, கையை வாயில் வைத்து எடுத்தாள். பிறகு நாலு வரியையும் தடங்கல் இல்லாமல் படித்தாள். உட்காரும்போது கை மறுபடி வாய்க்குப் போனது.

எதையோ தின்கிறாள் என்று நினைத்து, என்ன அது, காட்டு என்றேன். உள்ளங்கையை விரித்தாள். ஓடையில் கிடக்கிற கூழாங்கல். கொட்டைப்பாக்கு அளவு இருந்தது. எச்சிலில் பளபளத்தது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புது விளையாட்டு போலிருக்கிறது என்று எண்ணினேன். பக்கத்தில் இருந்தவளின் கன்னமும் உப்பியிருந்தது. அவளையும் துப்பச் சொன்னேன். அங்கேயும் ஒரு கல். பிறகு வரிசை வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனேன். என் மேசைமேல் பதினேழு கல் சேர்ந்தது. அதற்குள் என் சிரிப்பு நின்றிருந்தது, ஏனென்றால் வேறு ஒருவரும் சிரிக்கவில்லை. கடைசி வரிசையில் இருந்த சின்னப் பையன் ஒருவன் தன் கல்லைக் கொடுத்ததும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினான்.

எதற்கு இது என்று கேட்டேன். செல்லாயிதான் கடைசியில் சொன்னாள்.

"பேச்சு வராம இருக்கறதுக்குங்க."

"பேசினா என்ன? பேர எழுதுவான். நான்தான் அழிச்சிடுறேனே?"

"நீங்க அழிச்சிர்றீங்க. மறுநா பெரட்டுல எங்கம்மாவுக்குப் பாறைக்காட்டு நிரையக் குடுத்துர்றாங்க."

பாறைக்காடு உங்கள் தோட்டத்திலும் வேறு பெயரில் இருக்கும். ஓடைக்கு நேர் மேலே செங்குத்தாக இறங்கும் சரிவு. பாதி மண், பாதி வழுக்குப் பாறை. அட்டை மொய்க்கும். நிறைந்த கூடையோடு மேலே ஏறித்தான் வெளியே வரவேண்டும். யாரும் விரும்பி அங்கே போவதில்லை.

நான் ராசுவைப் பார்த்தேன். அவன் சிலேட்டோடு தன் இடத்தில் நின்றுகொண்டிருந்தான். ஒளிக்கவும் இல்லை, பயப்படவும் இல்லை.

"அப்பா சாயங்காலம் கேப்பாருங்க, இன்னிக்கி யாரு பேசுனதுன்னு. நான் சொல்லுவேன்" என்றான். பிறகு, "ஐயாவுக்குத் தெரியும்னுதான் நெனச்சேன்" என்றான்.

நேற்று யார் பெயரை எழுதினாய் என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. நேற்று ஒரு காக்காய் ஜன்னல் வழியாக வந்து ஒரு பிள்ளையின் ரொட்டியைத் தூக்கிக்கொண்டு போனது. செல்லாயி சத்தம் போட்டுச் சிரித்துவிட்டாள். நானும்தான் சிரித்தேன். சிலேட்டில் அவள் பெயர் மட்டும் இருந்தது. நான் அதை அழித்தேன்.

"அப்ப ஒங்கம்மா இன்னிக்கி எங்க நிக்குது?"

"பாறைக்காட்டுலங்க. எங்கம்மாவுக்கு வயித்துல புள்ள இருக்குங்க."

நான் உடனே கிளம்பவில்லை. உண்மையைச் சொல்ல வேண்டும். கொஞ்ச நேரம் அந்தக் கற்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். வேலை நேரத்தில் வாத்தியார் மலைக்குள் போகக்கூடாது என்று துரை உத்தரவு. வகுப்பைத் தனியாக விட்டுப் போனால் அதுவே வேலையை எடுக்கப் போதும். இதெல்லாம் போதாதென்று, ஒரு மலை நிறையப் பெண்கள் முன்னால் போய் நின்று கங்காணியிடம் பேச வேண்டும். அதை நினைத்ததும் கால் கூசியது. ஒரு கர்ப்பிணி சரிவில் நிற்கும்போது இதை நினைத்துக்கொண்டிருந்தேன் என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

கிளம்பினேன். வாசலைத் தாண்டும்போது ராசு கேட்டான்.

"ஐயா வர்ற வரைக்கும் பேசுறவங்க பேர எழுதி வைக்கவாங்க?"

திரும்பி வந்து சிலேட்டை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். நான் வரும்வரை எல்லாரும் பேசுங்கள், எவ்வளவு சத்தமாக வேண்டுமானாலும் பேசுங்கள் என்று சொன்னேன். பாதையின் முதல் வளைவில் நின்று காது கொடுத்துக் கேட்டேன். ஓடைச் சத்தம் மட்டும்தான் வந்தது.

கங்காணியார் குடை பிடித்துக்கொண்டு, கம்பளியைத் தலையில் மடித்துப் போட்டு, பாறைக்காட்டின் மேல் விளிம்பில் நின்றார். என்னைப் பார்த்ததும் அவருக்கு மகிழ்ச்சிதான்.

"வாங்க வாத்தியாரே. பள்ளிக்கூடத்துல ஈ பறந்தாக்கூட கேக்குதாம்ல? தொரை எங்கிட்டச் சொன்னாரு."

நான் கீழே பார்த்தேன். சரிவின் நடுவில் செல்லாயியின் அம்மா வள்ளி நின்றாள். ஒரு கையால் தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் மட்டும் கொழுந்து கிள்ளினாள். இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கு வயிற்றுக்கு மேல் ஏறியிருந்தது. அந்தப் பெண்ணை மேலே கூப்பிடுங்கள் என்று மெதுவாகக் கேட்டேன்.

"எதுக்கு? அவ மக நேத்து வகுப்புல கூத்தடிச்சிருக்கா. நீங்கதான எழுதச் சொன்னீங்க?"

அவரே மேலும் சொன்னார். பள்ளிக்கூடத்துச் சத்தம் அடங்க வேண்டும் என்று துரை அவரிடமும் சொல்லி வைத்திருந்தாராம்.

"ஒங்களுக்கு அதட்ட வரல. அடிக்க மனசு வரல. ஒங்க வேலைய நான்ல காப்பாத்திக் குடுத்திருக்கேன்."

அவர் பொய் சொல்லவில்லை. எனக்கு உதவி செய்கிறோம் என்றுதான் அந்த ஏழு வாரமும் அவர் நினைத்திருக்கிறார். என் சிலேட்டு மறுநாள் காலை அவருடைய பெரட்டாக மாறியிருந்தது. நான் அழித்த ஒவ்வொரு பெயருக்கும் ஒரு தாய் இந்தச் சரிவில் இறங்கியிருக்கிறாள்.

அந்த நேரத்தில் எனக்கு மூன்று வழிகள் தோன்றின. துரையிடம் சொல்வேன் என்று மிரட்டலாம். அத்தனை பெண்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது எந்தக் கங்காணியும் அதற்கு இறங்கி வரமாட்டார், வள்ளி பொழுது சாயும்வரை அங்கேயே நிற்பாள். இரக்கம் காட்டுங்கள் என்று கெஞ்சலாம். வயிற்றுப் பிள்ளையோடு எல்லாப் பெண்களும்தான் மலைக்கு வருகிறார்கள் என்பார், அதுவும் உண்மை. மூன்றாவது, குற்றத்தை இடம் மாற்றுவது. அவர் தோற்றதாகத் தெரியாமல் அவள் வெளியே வர அது ஒன்றுதான் வழி என்று பட்டது.

"கங்காணியாரே, நேத்து அந்தப் பேரு தப்பா எழுதினது. வகுப்புல சிரிச்சது நான்."

பக்கத்து நிரையில் இருந்த ஒரு பெண் தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

"அப்ப வாத்தியாருக்குல்ல குடுக்கணும் பாறைக்காட்ட."

பெண்கள் சிரித்தார்கள். கங்காணியாரும் மீசைக்குள் சிரித்துவிட்டார். ஆனால் நிரை காலியாகக் கிடந்தால் துரை கேட்பாரே என்றார். நான் நிற்கிறேன் என்று சொன்னேன். என் வாயிலிருந்துதான் வந்ததா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. சிரிப்பு மலை முழுக்கப் பரவியது. கோட்டைக் கழற்றி வையுங்கள் வாத்தியாரே, அட்டைக்குக் கோட்டு பிடிக்காது என்றாள் ஒருத்தி. கங்காணியார் கையை வீசி, சரி, எறங்கிப் போங்க என்றார்.

கீழே வைத்த முதல் அடியிலேயே கால் வழுக்கியது. செடியைப் பிடித்திராவிட்டால் ஓடைக்குள் போயிருப்பேன். வள்ளி நின்ற இடத்துக்கு நேர் கீழே பாறை முடிந்து, அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. தண்ணீர் சத்தம் மட்டும் மேலே வந்தது. அவளுடைய இரண்டு முழங்காலிலும் ரத்தம். காலையிலிருந்து இரண்டு தரம் விழுந்தாளாம்.

நீ மேலே போ, இந்த நிரையை நான் பார்க்கிறேன் என்றேன். அவள் கூடையைத் தரவில்லை. என் முகத்தைப் பார்த்துப் பயந்து கேட்டாள்.

"இன்னிக்கும் பேசிட்டாளாய்யா?"

இல்லை என்றேன்.

"நான்தான் கல்லப் பொறுக்கிக் குடுத்தேன். அதையும் துப்பிட்டாளா?"

அம்மாக்கள் எல்லாரும்தான் கொடுத்திருக்கிறார்கள். லயத்தில் எல்லாருக்கும் வாரக்கணக்காகத் தெரிந்திருக்கிறது. கல் சிறியதாக இருந்தால் விழுங்கிவிடுவார்கள் என்று பெரிதாகப் பார்த்துத் தேடியிருக்கிறார்கள். வகுப்பின் அமைதி எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் அந்தத் தோட்டத்தில் இருந்தவன் நான் ஒருவன்தான். யாரும் என்னிடம் சொல்லவில்லை, ஏனென்றால் இது என் உத்தரவு என்றே நினைத்தார்கள். என் முகத்தைப் பார்த்து அவள் ஏன் பயந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. அதுவரை என்னைப் பார்த்து யாரும் பயந்ததில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் கூடையைக் கொடுத்தாள். ஒவ்வொரு செடியாகப் பிடித்துப் பிடித்து மேலே ஏறிப் போனாள். மத்தியானம் வரை நான் நின்றேன். நான் எடுத்தது கொழுந்தே இல்லை, எல்லாம் முற்றின இலை என்று பெண்கள் சொன்னார்கள்.

பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி வரும்போது உள்ளே ஒரு குரல் கேட்டது. ராசுவின் குரல். எதையோ விடாமல் சொல்லிக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன். பிள்ளைகள் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள், அவன் முன்னால் நின்று வாய்ப்பாடு சொன்னான். தொண்டை கட்டியிருந்தது.

"யாருமே பேச மாட்டேங்குறாங்கய்யா. ஐயா பேசச் சொன்னீங்கன்னு நான் ஒருத்தனாத்தான் பேசிக்கிட்டிருக்கேன்" என்றான். சொல்லிவிட்டு அழுதான். சிலேட்டில் பெயர் இல்லாத நாட்களில், கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தாயா என்று அப்பா கேட்பாராம். அந்த நாட்களில் இவனாக யார் பெயரையாவது சொல்லியிருக்கிறான். அவனையும் நான்தான் அங்கே நிறுத்தியிருந்தேன்.

அதற்குப் பிறகு சட்டாம்பிள்ளை வைக்கவில்லை. இன்றைக்கு யாரும் பேசவில்லை என்று தினம் சாயங்காலம் நானே கங்காணியார் வீட்டு வாசலில் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். ராசு வாயால் அதைச் சொல்ல விடவில்லை. ஆனால் பிள்ளைகள் உண்மையாகவே பேசவில்லை. கேள்வி கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டினார்கள். ஏழு வாரத்தில் உண்டாக்கிய அமைதியை என்னால் கலைக்க முடியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பசறைச் சந்தையில், என்னிடம் வித்தை கேட்டுப் போன அந்தப் பக்கத்துத் தோட்டத்து வாத்தியாரைத் தேடிப் பிடித்தேன். நடந்ததை எல்லாம் சொல்லி, உடனே நிறுத்திவிடுங்கள் என்றேன். அவர் கருவாட்டை முகர்ந்து பார்த்துக்கொண்டே கேட்டார். "தெரியுமே. பின்ன எதுக்குப் பயந்து புள்ளைங்க அடங்குதுன்னு நெனச்சீங்க?" அவர் கெட்டவர் இல்லை. நல்ல பாட்டு சொல்லிக் கொடுப்பார். அவரிடம் நான் மேலே ஒன்றும் பேசாமல் வந்துவிட்டேன். அது என் வாழ்நாளில் நான் செய்த இரண்டாவது பெரிய தப்பு. நீங்கள் யாரும் அப்படி வந்துவிடாதீர்கள்.

உங்கள் வகுப்பு திடீரென்று அடங்கினால் சந்தோஷப்படுவதற்கு முன்னால் ஒரு நாள் காலையில் பெரட்டுக் களத்துக்குப் போய் நில்லுங்கள். எந்தப் பிள்ளையின் தாய் எங்கே போகிறாள் என்று பாருங்கள். நம் பிள்ளைகள் தோட்டத்துப் பிள்ளைகள். இங்கே பள்ளிக்கூடத்தில் சொல்லும் சொல் பள்ளிக்கூடத்தோடு நிற்பதில்லை. எனக்குத் தெரிந்த ஒழுங்குமுறை அவ்வளவுதான்.

பாறைக்காட்டில் விழுந்த வள்ளியை அந்த வாரம் முழுக்க மருத்துவச்சி படுக்க வைத்திருந்தாள். பிள்ளை அசையவில்லை என்று ஒரு நாள், அசைகிறது என்று ஒரு நாள், லயத்திலிருந்து செய்தி வந்துகொண்டிருந்தது. செல்லாயி பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. நான் பாடம் சொன்னேன், பிள்ளைகள் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

பத்தாம் நாள், கணக்குப் பாடத்தின் நடுவில் செல்லாயி ஓடி வந்து வாசலில் நின்றாள். தலை நனைந்திருந்தது.

"எங்கம்மாவுக்குத் தம்பி பொறந்திருக்கான். எலிக்குஞ்சாட்டம் இருக்கான். ஆனா கத்துறான்."

சொன்ன பிறகுதான் தான் கத்தினது அவளுக்கே தெரிந்தது. கை வாய்க்குப் போனது. கண் ராசுவிடம் போனது. ராசு என்னைப் பார்த்தான்.

"எம்புட்டுச் சத்தமாக் கத்துறான்?" என்று ராசு அவளிடம் கேட்டான்.

அவள் தம்பி மாதிரிக் கத்திக் காட்டினாள். கடைசி வரிசைச் சின்னப் பையன், இல்லை, பிள்ளை அப்படிக் கத்தாது என்று வேறு மாதிரிக் கத்தினான். பிறகு யார் கத்தினார்கள், யார் சிரித்தார்கள் என்று சொல்ல முடியாது. நாற்பது பேரும் ஒரே நேரத்தில். தகரக் கூரை அதிர்ந்தது.

வெளியே போய்க்கொண்டிருந்த கணக்கப்பிள்ளை ஜன்னலில் தலையை நீட்டி, என்ன வாத்தியாரே, மறுபடியும் ஆரம்பிச்சாச்சா, தொரைகிட்டச் சொல்லவா என்றார். நான் எழுந்து ஜன்னலுக்குப் போனேன்.

"சொல்லுங்க. எங்க வகுப்புப் புள்ளைக்கித் தம்பி பொறந்திருக்கான். மத்தியானம் வரைக்கும் சத்தமாத்தான் இருக்கும்."

சொல்லிவிட்டு உள்ளே திரும்பினேன்.